முருகன் பேரில் போட்ட சத்தியம்

ஓம் சரவணபவ.



என் தங்கை பையன் புதுசா ஒரு சின்ன கடை போடப் போகிறான். போன வாரம் ஆசீர்வாதம் வாங்க வந்தவன், காபி குடிச்சுட்டு எழுந்திருக்கும்போது ஒரு கேள்வி கேட்டான். "மாமா, நீங்க இத்தனை வருஷமா கடை நடத்தறீங்க. மறைக்காம சொல்லுங்க. தொழில்ல நூத்துக்கு நூறு உண்மையா இருந்து பொழைக்க முடியுமா?"

"முடியும்டா, முருகன் பார்த்துப்பார்" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. ஆனா சொல்ல முடியல. ஏன் முடியலங்கறதுதான் இந்தக் கட்டுரை. இதை எழுதினா என் கடை மரியாதை கொஞ்சம் குறையும். குறையட்டும். படிக்கிற அடியார்களில் வியாபாரம் செய்யறவங்க நிறைய பேர் இருக்கீங்க, யாருக்காவது உதவும்.

தேனாம்பேட்டையில் எல்டாம்ஸ் ரோட்டை ஒட்டின ஒரு சந்தில் எனக்கு எலக்ட்ரிக்கல் சாமான் கடை. ஒயர், சுவிட்ச், ஃபேன், மோட்டார் ஸ்டார்ட்டர், ட்யூப் லைட். போர்டில் முருகன் பேர். கல்லாவுக்கு மேல பழனி ஆண்டவர் படம். தினமும் காலையில் விளக்கேத்தி, ஷண்முக கவசம் சொல்லி முடிச்ச பிறகுதான் முதல் போணி. இதில் ஒரு நாள் கூட தவறினது இல்லை. பொய் சொன்ன நாள்களிலும் தவறவில்லை. அதுதான் விஷயம்.

2015-ஐ சென்னைக்காரங்க யாரும் மறந்திருக்க மாட்டீங்க. டிசம்பர் 1 ராத்திரி அடையாறு கரை தாண்டியது. தேனாம்பேட்டையில் என் கடைக்குள் தண்ணி வரல. ஆனா வாடகை கம்மின்னு சைதாப்பேட்டையில் ஆத்துக்குப் பக்கத்தில் ஒரு தரைத்தளத்தைக் கோடவுனா வெச்சிருந்தேன். மூணாம் நாள் போய் ஷட்டரைத் தூக்கினா, இடுப்பளவு சேறு நின்ன தடம் செவுத்தில் தெரியுது. ஃபேன் டப்பாக்கள் கஞ்சியா கரைஞ்சு கிடக்கு. இன்சூரன்ஸ் கிடையாது. அதுக்கு முன்னாடி இரண்டு மூணு வருஷமாவே மெட்ரோ வேலைக்காக அண்ணா சாலையைத் தோண்டிப் போட்டதில் வியாபாரம் பாதியா ஆயிருந்தது. கடையில் இரண்டு பையன்கள். பொண்ணுக்கு ஸ்கூல் ஃபீஸ். மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டிய செக் தேதி நெருங்குது.

நனைஞ்ச சரக்கை எல்லாம் வேன் வெச்சு எடுத்து வந்து மொட்டை மாடியில் காய வெச்சேன். ஃபேன்களுக்குக் கடை வாசலிலேயே அட்டை எழுதி வெச்சேன்: "வெள்ளத்தில் நனைந்த சரக்கு, பாதி விலை, கியாரண்டி இல்லை." ஜனங்க வந்து வாங்கினாங்க. "பரவாயில்லையே, உள்ளதைச் சொல்லி விக்கறாரே" என்று பாராட்டவும் செஞ்சாங்க. எனக்கும் பெருமையாத்தான் இருந்தது.

ஆனா ஃபேனில் சேத்துக் கறை பளிச்சுனு தெரியும். அதை மறைக்கவே முடியாது. மறைக்க முடியாத இடத்தில் நேர்மையா இருக்கறதுல என்ன பெருமை? இது எனக்கு அப்போ தோணல.

மறைக்க முடிஞ்ச சரக்கு ஒண்ணு இருந்தது. எம்.சி.பி. வீட்டு மெயின் போர்டில் வரிசையா இருக்குமே, லோடு அதிகமானா 'டப்'புனு கீழே விழற சின்ன சுவிட்ச், அதுதான். 60 பீஸ் நனைஞ்சிருந்தது. துரு தெரிஞ்ச 18-ஐத் தூக்கிப் போட்டேன். மீதி 42-ஐ பெயின்ட் பிரஷ் வெச்சு சுத்தம் பண்ணி, துணியால் துடைச்சு, நாலு நாள் வெயிலில் வெச்சு எடுத்தா, புத்தம் புதுசா இருக்கு. மீட்டர் வெச்சுப் பார்த்தேன், கரண்ட் போகுது. ஐ.எஸ்.ஐ. முத்திரை அழியாம இருக்கு. வேற டப்பாவில் போட்டு அடுக்கிட்டேன்.

இந்தத் தொழில் தெரியாதவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். எம்.சி.பி. வழியா கரண்ட் போறது பெரிசில்லை. ஒரு துண்டு ஒயரிலும் கரண்ட் போகும். போகக் கூடாத நேரத்தில் நிறுத்தறதுதான் அதோட வேலை. உள்ளே இரண்டு உலோகம் சேர்த்து ஒட்டின சின்ன பட்டை ஒண்ணு இருக்கும். லோடு அதிகமானா அது சூடாகி வளையும், வளைஞ்சு கொக்கியை விடுவிக்கும். ஷார்ட் சர்க்யூட் ஆனா உள்ளே இருக்கிற சின்ன காயில் காந்தமா மாறி ஒரே தட்டில் துண்டிச்சுடும். எல்லாம் மெல்லிசான ஸ்பிரிங், நுணுக்கமான வேலை. சேத்துத் தண்ணி ஒரு தடவை உள்ளே போயிட்டா, எத்தனை வெயிலில் காய வெச்சாலும் நம்பக் கூடாது. மண் படிஞ்சு இறுகியிருந்தா, விழ வேண்டிய நேரத்தில் விழாது. விழலைன்னா ஒயர் சூடாகும். அப்புறம் நெருப்பு.

இது எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. ஒயர்மேன் பையன்களுக்கு நானே சொல்லிக் கொடுத்த பாடம்.

அப்புறம் ஏன் வித்தேன்? காரணங்கள் இருந்தது. அதில் எதுவும் பொய்க் காரணம் இல்லை. பையன்களுக்குச் சம்பளம் கொடுக்கணும். எல்லாரும் இதைத்தான் செய்யறாங்க. மீட்டரில் பார்த்தாச்சு. நூத்துல ஒண்ணு கெட்டாலே அதிகம். கெட்டாலும் அந்த வீட்டில் அன்னைக்கே ஷார்ட் ஆகணுமே. இப்படி ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கினேன்.

அந்த ஜனவரியில் ஒரு டீச்சரம்மா வந்தாங்க. ரிட்டையர் ஆனவங்க, வீட்டுக்காரர் இல்லை, தனியா இருக்காங்க. வெள்ளத்தில் வீட்டு ஒயரிங் மொத்தமும் போய், புதுசா போடறாங்க. எங்கிட்ட வழக்கமா சாமான் எடுக்கிற ஒயர்மேன்தான் கூட்டிட்டு வந்தான். சாமான் லிஸ்ட்டில் எட்டு எம்.சி.பி. நான் எடுத்து மேஜை மேல வெச்சதும், ஒண்ணைக் கையில் எடுத்துப் பார்த்துட்டு கேட்டாங்க.

"தம்பி, தப்பா எடுத்துக்காதே. ஊர்ல எல்லாம் வெள்ளத்துல நனைஞ்ச சரக்கு ஓடுதுங்கறாங்க. இது அப்படி இல்லையேப்பா?"

"ஐயோ டீச்சர், முருகன் சத்தியமா புது சரக்கு." கை தானா மேலே போய் கல்லா மேல இருந்த படத்தைக் காட்டுச்சு.

அவங்களும் படத்தைப் பார்த்தாங்க. கையில் இருந்ததைக் கீழே வெச்சுட்டு, "முருகன் பேரைச் சொல்லிட்டே, அப்புறம் என்ன. பில்லைப் போடு" என்றாங்க. மத்த எந்த சாமானையும் அதுக்கப்புறம் எடுத்துக் கூடப் பார்க்கல.

அந்த வெள்ளிக்கிழமை வடபழனி போய் உண்டியலில் 501 ரூபாய் போட்டேன். எதுக்குப் போட்டேன்னு அன்னைக்கு என்னை நானே கேட்டுக்கல.

ஒண்ணும் ஆகல. அடியார்களே, இதைத்தான் நீங்க கவனிக்கணும். டீச்சர் வீட்டில் ஷார்ட் ஆகல, தீ பிடிக்கல, யாரும் வந்து சண்டை போடல. செக் பாஸ் ஆச்சு, ஃபீஸ் கட்டியாச்சு. தப்பு பண்ணினா உடனே தண்டனை வரும்னு கதையில் படிக்கிறோம். எனக்கு வந்தது பாராட்டு. டீச்சரம்மா தெரிஞ்சவங்க மூணு பேரை அனுப்பினாங்க. "டீச்சர் சொன்னாங்க, உங்க கடை நேர்மையான கடைன்னு" என்று வந்து நிப்பாங்க. அந்த வார்த்தையைக் கேட்கறப்போ எல்லாம் வயித்துக்குள்ள ஒண்ணு புரளும்.

பங்குனி உத்திரத்துக்குப் பழனி போறதுக்காக எங்க காவடிக் குழு மாலை போட்டிருந்தோம். ஒரு ராத்திரி பூஜை முடிஞ்சு பிரசாதம் சாப்பிடறப்போ குருசாமி பாம்பன் சுவாமிகள் வரலாற்றைச் சொல்ல ஆரம்பிச்சார். உங்களில் பலருக்குத் தெரிஞ்ச வரலாறுதான். எனக்கும் தெரியும், நாலைந்து தடவை கேட்டிருக்கேன். அன்னைக்குக் கேட்டது மட்டும் வேற மாதிரி கேட்டுச்சு.

சுவாமிகள் பாம்பனில் குடும்பஸ்தரா இருந்த காலம். பழனிக்குப் போய்த் துறவு வாங்கணும்னு ஆசை. "நாளைக்குப் பழனி போறேன்" என்று நண்பர் அங்கமுத்துப் பிள்ளையிடம் சொல்கிறார். "முருகன் உத்தரவு கிடைச்சுதா?" என்று நண்பர் கேட்கிறார். உத்தரவு கிடைக்கல. ஆனா ஆர்வத்தில் "ஆமாம்" என்று சொல்லிடறார். அன்னைக்கே முருகப்பெருமான் கோபமான முகத்தோடு தோன்றி, ஏன் பொய் சொன்னாய்னு கேட்கிறார். சுவாமிகள் நடுங்கிப் போய், உலக லாபத்துக்காகச் சொல்லல, ஆன்ம லாபத்துக்காகச் சொன்னேன் என்று முறையிடறார். முருகன் அதை ஏத்துக்கல. நான் கூப்பிடற வரைக்கும் பழனிக்கு வரக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கறார். 1929-ல் சமாதி அடையற வரைக்கும் சுவாமிகளுக்குப் பழனியிலிருந்து அந்த அழைப்பு வரவே இல்லை. முருகன் மேல 6,666 பாடல்கள் பாடினவர். நான் தினமும் கடையில் சொல்ற ஷண்முக கவசமும் அவர் எழுதினதுதான். அப்பேர்ப்பட்டவர் பழனி மலையேறலை.

குருசாமி சொல்லி முடிச்சுட்டு, "பார்த்தீங்களா, ஒரே ஒரு 'ஆமாம்'. யாருக்கும் நஷ்டம் இல்லாத பொய். அதுக்கே இப்படி" என்றார். எல்லாரும் தலையை ஆட்டினாங்க. என் கையில் இருந்த சுண்டல் தொன்னை ஆடிச்சு.

வீட்டுக்கு வந்து ராத்திரி முழுக்க யோசிச்சேன். முருகன் ஏன் அந்தச் சின்ன பொய்க்கு அவ்வளவு கோபப்பட்டார்? சுவாமிகள் யாரையும் ஏமாத்தல, காசு வாங்கல. போகப் போறதும் பழனிக்குத்தான்.

எனக்குப் புரிஞ்சது இதுதான். அந்தப் பொய்யில் இரண்டு விஷயம் இருக்கு. ஒண்ணு, முருகன் சொல்லாததை முருகன் சொன்னதா சொன்னது. தன் ஆசைக்கு அவர் கையெழுத்தைத் தானே போட்டுக்கிட்டது. இன்னொண்ணு, நல்ல காரணம். "ஆன்ம லாபத்துக்காக" என்ற அந்தக் காரணம் உண்மையான காரணம்தான். ஆனா காரணம் நல்லதா இருந்தா பொய் நல்லதாயிடாது. நல்ல காரணம் இருக்கிற பொய்தான் ரொம்ப ஆபத்து. கெட்ட காரணத்துக்குப் பொய் சொல்றவனுக்குத் தான் பொய் சொல்றோம்னாவது தெரியும். நல்ல காரணத்துக்குச் சொல்றவனுக்கு அது தெரியறதே இல்லை.

நான் செஞ்சதும் அதேதான். சுவாமிகள் முருகன் பேரைச் சொன்னது பழனிக்குப் போக. நான் சொன்னது எட்டு சுவிட்ச் விக்க. கீழே மேலே வித்தியாசம் எவ்வளவோ இருக்கு, ஆனா செஞ்ச காரியத்தோட ஜாதி ஒண்ணுதான்.

என் தொழில் பாஷையில் சொன்னா சீக்கிரம் புரியும். அந்தக் காலத்து வீடுகளில் பீங்கான் ஃபியூஸ் கட்டை இருக்கும். லோடு அதிகமானா உள்ளே இருக்கிற மெல்லிசு கம்பி அறுந்துடும். அடிக்கடி அறுந்தா நம்மாளுங்க என்ன பண்ணுவாங்க? "தொல்லைடா இது" என்று தடிப்பான செப்புக் கம்பியா போட்டுக் கட்டிடுவாங்க. அதுக்கப்புறம் ஃபியூஸ் போகவே போகாது. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா லோடு குறைஞ்சிருக்கா? இல்லை. சொல்ற ஆளோட வாயைக் கட்டியாச்சு, அவ்வளவுதான். இனிமே சூடாகப் போறது செவுத்துக்குள்ள இருக்கிற ஒயர்.

மனசாட்சி அந்த மெல்லிசு கம்பி. நாம சொல்லிக்கிற சமாதானங்கள் தடிப்புக் கம்பி. "எல்லாரும் செய்யறாங்க" என்பது ஒரு சுத்து. "குடும்பத்துக்காக" என்பது ஒரு சுத்து. "உண்டியலில் போட்டுட்டேனே" என்பது கடைசிச் சுத்து. நான் மூணும் சுத்தி வெச்சிருந்தேன்.

தனக்குத் தானே உண்மையா இருக்கறதுன்னா என்ன? "நான் எதையும் மூஞ்சிக்கு நேரா பேசிடுவேன்", "எனக்குப் பிடிச்ச மாதிரிதான் இருப்பேன்" என்று சொல்றதை இப்போ நிறைய பேர் அப்படி நினைக்கிறாங்க. அது சுபாவம், உண்மை வேற. என் வரைக்கும், தனக்கு உண்மையா இருக்கறதுன்னா அந்த மெல்லிசு கம்பியை மெல்லிசாவே வெச்சிருக்கறது. அது அறுந்தா எரிச்சல் படாம, எங்கே லோடு அதிகமாச்சுனு தேடறது. வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் இதைத்தான் சொல்றார்: உன் நெஞ்சுக்குத் தெரிஞ்சதைப் பொய்யாக்காதே, பொய்யாக்கினா அந்த நெஞ்சே உன்னைச் சுடும். மத்தவன் கண்டுபிடிப்பான்னு அவர் பயமுறுத்தவே இல்லை பாருங்க. சாட்சி, போலீஸ், நீதிபதி மூணு பேரும் உள்ளேயே இருக்காங்க.

மறுநாள் காலையில் என் மனைவிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம், "பழனிக்கு அப்புறமா போகலாங்க. முதல்ல அந்த அம்மா வீட்டுக்குப் போயிட்டு வாங்க" என்றாள்.

புது எம்.சி.பி. எட்டு எடுத்துக்கிட்டேன். ஒயர்மேனைக் கூப்பிட்டா விஷயத்தைச் சொல்லணுமேன்னு தயங்கி, நானே டூல் பையை எடுத்துட்டுப் போனேன். டீச்சரம்மா கதவைத் திறந்து, "வாப்பா வாப்பா, என்ன இவ்வளவு தூரம்?" என்று கேட்டு மோர் கொண்டு வந்தாங்க. டம்ளரைக் கையில் வாங்காம நின்னபடியே சொன்னேன். நனைஞ்ச சரக்கு. தெரிஞ்சேதான் கொடுத்தேன். மாத்த வந்திருக்கேன். காசு வேண்டாம்.

மெயின் ஆஃப் பண்ணி எட்டையும் கழட்டி மாத்தற வரைக்கும் அவங்க நாற்காலியில் உட்கார்ந்திருந்தாங்க. ஒரு வார்த்தை பேசல. நான் கிளம்பும்போதுதான் சொன்னாங்க.

"நீ பொய் சொன்னதை நான் மன்னிச்சுடலாம்ப்பா, அது எனக்குச் செஞ்சது. ஆனா நான் உன்னை நம்பலை அன்னைக்கு. நீ காட்டின படத்தைத்தான் நம்பினேன். அதுக்கு நான் எப்படி மன்னிப்புக் கொடுக்கறது? அது என் கையில இல்லையே."

கழட்டின எட்டில் ஒண்ணைக் கடையில் வந்து பிரிச்சுப் பார்த்தேன். உள்ளே ஸ்பிரிங் பக்கத்தில் காஞ்ச வண்டல் கெட்டியா ஒட்டிக்கிட்டிருந்தது.

டீச்சரம்மா அதுக்கப்புறம் என் கடைக்கு வரல. அவங்க அனுப்பின ஆட்களும் வரல. ஒயர்மேனுக்கு விஷயம் தெரிஞ்சு சண்டைக்கு வந்துட்டான். "அண்ணே, நீங்க பண்ணது தப்பு சரி. சொல்றதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா? கூட்டிட்டுப் போனவன் நான். என் பேரும்ல போச்சு. உங்க மனசு லேசாச்சு, என் பொழப்பு?" என்றான். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அவன் கேட்டது நியாயம். உண்மையைச் சொன்னா நம்ம கணக்கு மட்டும் தீரும், பக்கத்தில் நின்னவன் கணக்கில் அது கடனா ஏறும். அவன் கூட இருந்து மீதி வீடுகளைத் தேடிப் பிடிச்சு, அவன் கையாலேயே மாத்திக் கொடுக்க வெச்சு, கூலியும் கொடுத்தேன். ஒரு வருஷம் ஆச்சு அவன் பழையபடி பேச.

பில் புக்கை வெச்சுத் தேடினதில் 42-ல் 36-ஐ திரும்ப எடுத்துட்டோம். 6 கிடைக்கல. கவுன்ட்டரில் காசு கொடுத்துட்டு பில் வாங்காமப் போனவங்க. யாருன்னு தெரியாது, எந்த வீடுன்னு தெரியாது. அந்த ஆறும் இன்னைக்கும் இந்த ஊரில் ஏதோ செவுத்தில் இருக்கலாம். தேனாம்பேட்டை ஃபயர் ஸ்டேஷன் வண்டி மணி அடிச்சுக்கிட்டு அண்ணா சாலையில் போனா, இத்தனை வருஷம் கழிச்சும் கை வேலை அப்படியே நிக்கும். "எந்தப் பக்கம் திரும்புது?" என்று காது போகும்.

எத்தனை ரூபாய்க்காக இது? 42 பீஸ் போட்டு, மொத்தம் 7,500 ரூபாய் பக்கம். அவ்வளவுதான்.

அந்த வருஷம் குழுவோட பழனி போகல. எனக்கு எந்தக் கட்டளையும் வரல, அடியேன் சுவாமிகளும் இல்லை. கால் போக மாட்டேன்னுது, அவ்வளவுதான். அடுத்த வருஷமும் போகல. மூணாவது வருஷம் குருசாமி வீட்டுக்கே வந்தார். "அவரு கூப்பிடாம போக மாட்டேன்னு சொல்றதுக்கு நீ பாம்பன் சுவாமிகளா? கூப்பிடலைன்னு நீயா எப்படிச் சொல்றே? அதுவும் முருகன் சொல்லாததை முருகன் பேர்ல சொல்றதுதானேடா. கிளம்பு" என்றார். கிளம்பிட்டேன்.

இப்போ என் மருமகன் கேள்விக்கு வரேன்.

வியாபாரத்தில் எல்லாத்தையும் திறந்து வெக்க முடியாது, வெக்க வேண்டியதும் இல்லை. என் கொள்முதல் விலை என்ன, எந்த மொத்த வியாபாரி எவ்வளவு கழிவு கொடுக்கறார் என்பதெல்லாம் என் வீட்டு விஷயம். "எவ்வளவு லாபம் வெச்சிருக்கே?" என்று கேட்டா சிரிச்சுட்டு நகரலாம். சொல்லாம இருக்கறது பொய் ஆகாது. ஆனா "வாங்கின விலைக்கே கொடுக்கறேன் சார்" என்று சொன்னா அது பொய். "கட்டுப்படியாகாது" என்பது கட்டுப்படியாகாதப்போ மட்டும் சொல்ல வேண்டிய வார்த்தை. வாங்கறவன் தெரிஞ்சுக்கிட்டா வேண்டாம்னு போயிடுவான்னு எந்த விஷயத்தை நினைச்சு மறைக்கறோமோ, அதைக் கட்டாயம் சொல்லியே ஆகணும். எனக்கு இது ஒண்ணுதான் அளவுகோல். எம்.சி.பி. நனைஞ்சதுன்னு தெரிஞ்சா டீச்சர் வாங்கியிருப்பாங்களா? மாட்டாங்க. அப்போ அது என் ரகசியம் இல்லை, அவங்களுக்குச் சேர வேண்டிய தகவல்.

இது புதுசா நான் கண்டுபிடிச்ச சட்டம் இல்லை. பிறர் பொருளையும் தன் பொருள் மாதிரி நினைச்சுச் செய்யறதுதான் வணிகனுக்கு வாணிகம்னு வள்ளுவர் நடுவு நிலைமை அதிகாரத்தில் சொல்லிட்டார். காவிரிப்பூம்பட்டினத்து வியாபாரிகளைப் பத்திப் பட்டினப்பாலை பேசும்போது, வாங்கும்போது கூடுதலா எடுக்க மாட்டாங்க, கொடுக்கும்போது குறைச்சுக் கொடுக்க மாட்டாங்கன்னு அவங்க பெருமையைச் சொல்லுது. கப்பல் ஓட்டி நாடு நாடா வியாபாரம் செஞ்சவங்க அவங்க. உண்மையா இருந்தா பொழைக்க முடியாதுன்னா அந்தப் பட்டினமே இருந்திருக்காது.

நம்ம காலத்தில் சாண்டோ சின்னப்பா தேவரை எடுத்துக்குங்க. 1915-ல் கோயம்புத்தூரில் பிறந்து, உடம்பை நம்பி வளர்ந்து, 1956-ல் எம்.ஜி.ஆரை வெச்சு 'தாய்க்குப் பின் தாரம்' எடுத்து தேவர் பிலிம்ஸை நிலைநாட்டினவர். எம்.ஜி.ஆரோட மட்டும் 16 படம். லாபத்தில் முருகன் கோயில்களுக்குப் பங்கு என்று வெச்சிருந்தார். மருதமலைக்கு அவர் செஞ்ச திருப்பணி ஊருக்கே தெரியும். நெத்தி நிறைய விபூதியும் தன் கொங்குப் பேச்சுமா எங்கேயும் வேஷம் போடாம நடந்தார். ஆடும் மாடும் யானையும் வர்ற கதைதான் தனக்கு வரும்னு தெரிஞ்சு அதையே எடுத்தார். அந்த யானைக் கதைதான் 1971-ல் இந்தியில் 'ஹாத்தி மேரே சாத்தி'யா போய் நாடு முழுக்க ஓடினது. ஆர்ட்டிஸ்டுகளுக்குப் பேசின சம்பளத்தைப் படம் முடியற வரை இழுத்தடிக்காமக் கொடுத்துடுவார் என்றுதான் திரையுலகில் இன்னைக்கும் பேச்சு.

நம்மில் பல பேர் தேவரைப் பார்த்து எடுத்துக்கிட்டது பாதியைத்தான். "முருகன்தான் என் பார்ட்னர்" என்று சொல்லிக்கறோம், லாபத்தில் ஒரு பங்கை உண்டியலில் போடறோம். ஆனா பார்ட்னர்னா லாபத்தை மட்டும் கொடுத்தா போதுமா? கணக்குப் புத்தகத்தைக் காட்டணுமா இல்லையா? நான் 501 ரூபாய் போட்டப்போ, அது எந்தச் சரக்கு வித்த காசுன்னு பார்ட்னர்கிட்ட சொல்லல. உண்டியல் காணிக்கை போடற இடம், அழுக்குத் துணி துவைக்கிற கல் இல்லை.

அதனால என் மருமகனுக்குச் சொல்ல நினைக்கிறது: உண்மையா இருந்து பொழைக்க முடியுமான்னா, முடியும். ஆனா நஷ்டமே வராதுன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு நல்ல வாடிக்கை போச்சு, ஒரு அம்மாவோட நம்பிக்கை போச்சு. ஆனா அது உண்மையைச் சொன்னதால வந்த நஷ்டம் இல்லை, முன்னாடியே பொய் சொன்னதுக்கு லேட்டா வந்த பில். முதல் நாளே "டீச்சர், இது நனைஞ்சது, நாளைக்குப் புதுசு வரவழைச்சுத் தரேன்" என்று சொல்லியிருந்தா எனக்கு ஆகியிருக்கற செலவு எட்டு சுவிட்ச். நாள் தள்ளினதுக்கு வட்டி இவ்வளவு.

இன்னொண்ணும் சொல்லணும். கடையில் பேர் வெச்சுக்கோ, படம் மாட்டிக்கோ, விளக்கேத்து. ஆனா சரக்கு விக்க அந்தப் பேரை வாயில் எடுக்காதே. உன் சரக்கு நல்லதா இருந்தா சத்தியம் தேவையில்லை. நல்லதா இல்லைன்னா சத்தியம் பண்ணக் கூடாது. அப்போ சத்தியம் பண்ண வேண்டிய இடமே கடையில் கிடையாது. என் கடையில் அன்னையிலிருந்து யாரும், பையன்கள் உட்பட, "முருகன் சத்தியமா" என்று சொல்றதில்லை. "எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் நல்லா இருக்கு சார், கெட்டா கொண்டு வாங்க, மாத்தித் தரேன்" என்கிறதோட சரி.

வியாழக்கிழமைகளில் முடிஞ்சப்போ கடையைச் சீக்கிரம் சாத்திட்டு திருவான்மியூர் பாம்பன் சுவாமிகள் சமாதிக்குப் போவேன். கலாக்ஷேத்ரா பக்கத்தில், மரநிழலும் மணலுமா அமைதியா இருக்கும். அங்கே உட்காரும்போது சுவாமிகள் வாழ்க்கையில் நடந்த இன்னொரு விஷயம் நினைவுக்கு வரும். 1923 டிசம்பர் 27 அன்று தம்பு செட்டித் தெருவில் குதிரை வண்டி மோதி அவர் கால் முறிஞ்சது. எழுபதைத் தாண்டின வயசு. எலும்பு கூடறது கஷ்டம்னு ஜெனரல் ஆஸ்பத்திரி டாக்டர்களே கையை விரிச்ச நிலையில், சீடர்கள் ஷண்முக கவசம் பாராயணம் பண்ண, சுவாமிகளுக்கு அந்தப் படுக்கையிலேயே மயில் வாகனக் காட்சி கிடைச்சு, கால் குணமாச்சுங்கறது நாம மயூர வாகன சேவனம்னு கொண்டாடற வரலாறு.

பழனிக்கு வராதேன்னு சொன்ன அதே முருகன்தான், கூப்பிடாமலே ஆஸ்பத்திரிக்கு வந்தவர். பொய்யை அவர் தள்ளுபடி பண்ணல. சொன்னவரைத் தள்ளவும் இல்லை.

அந்த ஆறு சுவிட்ச்சும் எந்த வீட்டில் இருந்தாலும், விழ வேண்டிய நேரத்தில் சரியா விழணும்னு அங்கே போறப்போ எல்லாம் கேட்டுக்கறேன். 2015 டிசம்பருக்கும் 2016 மார்ச்சுக்கும் நடுவில் தேனாம்பேட்டைப் பக்கம் ஏதாவது ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் பில் இல்லாம எம்.சி.பி. வாங்கின ஞாபகம் உங்களில் யாருக்காவது இருந்தா, என் கடையா வேற கடையான்னு யோசிக்க வேண்டாம். ஒரு நல்ல ஒயர்மேனைக் கூப்பிட்டு மாத்திடுங்க. கட்டுரையைப் படிச்சுட்டு மத்தவங்களுக்கு அனுப்பறவங்களும் இந்த ஒரு பத்தியை வெட்டாம அனுப்பினா பெரிய உபகாரம்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!